கடிதத்தின் கடைசி வரி: ‘லுக் ஃபார்வர்ட் டு’ எங்கே பொருந்தும், எங்கே வேறு வரி நல்லது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருக்கும் தமிழர்கள் கடிதம் எழுத உட்கார்ந்தால் முதலில் மொழியை முடிவு செய்ய வேண்டும். வில்லேஜ் ஆபீஸ் மனு பெரும்பாலும் மலையாளத்தில் போகும். பொள்ளாச்சியில் தேங்காய் வாங்குகிறவருக்குத் தமிழ் போதும். கஞ்சிக்கோடு கம்பெனிக்கு வேலை விண்ணப்பம், வங்கியின் தலைமை அலுவலகத்துக்குப் புகார், பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல், வெளிநாட்டு மருத்துவமனைக்கு நர்ஸ் வேலைக்கான கடிதம் என்று வந்தால் ஆங்கிலம்தான்.

இந்த மூன்றாவது வகைக் கடிதங்களைத் திருத்திக் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. இங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கடிதத்தின் நடுப்பகுதி ஆளுக்கு ஆள் மாறும். கடைசி வரியில் மட்டும் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். ‘உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? ‘எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை’, ‘அவெய்ட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’, ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’, ‘ஹோப்பிங் டு ஹியர்’ என்று நாலைந்து வரிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சில தவறு. சில சரிதான், ஆனால் எல்லாக் கடிதத்துக்கும் ஒத்துவராது. எதை எங்கே எழுதுவது என்று ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்துவிட்டால் ஆயுசுக்கும் உதவும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் எழுதத் தேவையே இல்லாத கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு ஓர் உரிமையைக் கொடுத்திருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் அவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு இன்னும் விரிவானது: குறை தீர்க்கக் கேட்டுக் கொடுக்கும் மனு, மத்தியிலோ மாநிலத்திலோ புழங்கும் எந்த மொழியிலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் கொடுத்தால்தான் மதிப்பார்கள் என்று நினைத்து, என்ன வேண்டும் என்பதே புரியாத ஆங்கில மனுவோடு போகிற பெரியவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நல்ல தமிழில் எழுதிய மனு அதைவிட எவ்வளவோ மேல்.

சரி, ஆங்கிலம்தான் எழுதியாக வேண்டும் என்கிற கடிதத்துக்கு வருவோம்.

‘எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை’

எங்கள் பகுதியில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். காரணமும் தெரிந்ததே. தமிழில் ‘எதிர்பார்க்கிறேன்’ என்கிறோம், மலையாளத்தில் ‘மறுபடி பிரதீக்ஷிக்குன்னு’ என்கிறார்கள் (அங்கே ‘மறுபடி’ என்றால் பதில்). இரண்டு சொல்லிலும் ஆசையும் உண்டு, காத்திருப்பும் உண்டு. பணிவு கெடாது. அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் நேராக ‘எக்ஸ்பெக்ட்’ என்று இருக்கும். இரண்டு மொழியும் ஒரே பக்கம் இழுப்பதால், இரண்டும் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இதில் சந்தேகமே வராது.

ஆனால் ஆங்கிலத்தில் ஒருவர் செய்ய வேண்டிய காரியத்தைப் பற்றி ‘எக்ஸ்பெக்ட்’ என்றால் ‘நீ செய்தாக வேண்டும்’ என்கிற தொனி ஏறிக்கொள்ளும். மேலதிகாரி ஊழியரிடமும், ஆசிரியர் மாணவரிடமும் சொல்கிற சொல் அது. வேலை கேட்டு எழுதும் 22 வயதுப் பையன் மேலாளருக்கு ‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்று எழுதினால், பதில் போடுவது உங்கள் கடமை என்று கட்டளை இடுவதுபோல் ஆகிவிடும். பையன் மனதில் அப்படி எதுவும் இருக்காது. கடிதம் படிப்பவருக்கு அது தெரியாது.

இலக்கணப்படி இந்த வரியில் குற்றம் சொல்ல முடியாது. அதனால்தான் கணினியில் எழுத்துப் பிழை பார்க்கும் வசதியும் இதைப் பிடிக்காமல் விட்டுவிடும். இந்த வரியை முழுவதுமாக விட்டுவிடுங்கள் என்பதுதான் என் தீர்ப்பு. பணம் கட்டி ஏமாந்து, மூன்றாவது தடவையாக எழுதும் புகாரில் வேண்டுமானால் வைக்கலாம். அங்கே கண்டிப்பு காட்டுவதில் தப்பில்லை.

‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’

இதில் முதலில் சரி செய்ய வேண்டியது ‘ஃபார்’. ‘அவெய்ட்’ என்கிற வினைக்குப் பின்னால் எந்த ப்ரிபொசிஷனும் (‘ஃபார்’, ‘டு’, ‘ஃப்ரம்’ போல பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல்) வராது. ‘வெய்ட்’ என்றால்தான் ‘ஃபார்’ வேண்டும். ஆக ‘வெய்ட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’ சரி, ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’ சரி, ‘அவெய்ட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’ தவறு. ‘பதிலுக்காகக் காத்திருக்கிறேன்’ என்று மனதில் ஓடுகிற ‘க்காக’தான் அந்த ‘ஃபாரை’ அங்கே கொண்டுவந்து வைக்கிறது.

‘ஃபார்’ போன பிறகு மிஞ்சுகிற வரி நல்ல வரிதான். கொஞ்சம் விறைப்பானது. காத்திருக்கிறேன், பந்து உங்கள் பக்கம் இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடும். மகிழ்ச்சியும் காட்டாது, வருத்தமும் காட்டாது. அதனால் பணம், ஆவணம், தீர்ப்பு சம்பந்தப்பட்ட கடிதங்களுக்குப் பொருந்தும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் விபத்துக்கான தொகை கேட்டு எழுதினால் ‘ஐ அவெய்ட் யுவர் ரிப்ளை’ என்று முழு வாக்கியமாக முடிக்கலாம். ‘வெய்ட்டிங் ஃபார்’ பேச்சுக்கு நெருக்கமானது. முறையான கடிதத்தில், பொறுமை போய்விட்டது என்கிற சாயல் அதற்கு வரும்.

இந்த ‘அவெய்ட்டிங்’, ‘லுக்கிங்’, ‘தேங்க்கிங் யூ’ எல்லாம் ஏன் பாதி வாக்கியமாக, கடைசியில் ஒரு கமாவோடு நிற்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. பழைய ஆங்கிலக் கடிதங்களில் அது பாதி வாக்கியமாக இருக்கவில்லை. ‘உங்கள் பதிலுக்குக் காத்துக்கொண்டு, ஐயா, தங்கள் பணிவுள்ள ஊழியனாக இருக்கிறேன்’ என்ற அமைப்பில் ஒரே வாக்கியம் கையெழுத்து வரைக்கும் ஓடும். ‘ஐ ரிமெய்ன்’ என்கிற எழுவாயும் வினையும் அதில் உண்டு. பிற்காலத்தில் அந்தப் பின்பாதி தேய்ந்து போனது, முன்பாதியும் கமாவும் மட்டும் நம் பள்ளிக்கூடக் கடித மாதிரிகளில் தங்கிவிட்டன. ஆகவே இன்று எழுதுகிறவர் ‘ஐ’ சேர்த்து முழு வாக்கியமாக எழுதி முற்றுப்புள்ளி வைப்பதே நல்லது. ‘தேங்க்கிங் யூ’ என்பதற்குப் பதில் ‘தேங்க் யூ’ என்றோ, எதற்காக நன்றி என்று சேர்த்தோ எழுதினால் வரி தானாக நிமிர்ந்துவிடும்.

‘லுக் ஃபார்வர்ட் டு’

இனி முக்கியமான ஆளுக்கு வருவோம். நான்கு வரிகளில் அதிகம் பயன்படக்கூடியது இதுதான், அதிகம் தவறாக எழுதப்படுவதும் இதுதான்.

“ஏனுங்க்கா, டூக்கு அப்புறம் வெர்பு அப்படியேதானுங்களே வரும்? டு கோ, டு ஈட்டுன்னுதானுங்க படிச்சோம்” என்று எருத்தேம்பதிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படிக்கிறோம். அதனால் ‘லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதுவது அவள் சோம்பல் இல்லை. படித்த விதியை ஒழுங்காகப் பொருத்திப் பார்த்திருக்கிறாள். விதிதான் வேறு.

ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு வேலை செய்கிறது. ‘ஐ வாண்ட் டு ஹியர்’ என்பதில் அது வினையோடு ஒட்டிய அடையாளம். நம் ‘கேட்க’ என்பதில் கடைசியில் உள்ள ‘க’ மாதிரி. ‘ஐ கோ டு பாலக்காடு’ என்பதில் அது ப்ரிபொசிஷன். நம் ‘பாலக்காட்டுக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’ மாதிரி. ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இந்த இரண்டாவது ‘டு’. ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரவேண்டும். வினையை அங்கே வைக்க வேண்டுமானால் ‘இங்’ சேர்த்துப் பெயராக்கித்தான் வைக்க முடியும். எனவே ‘லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’.

எந்த ‘டு’ என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ‘டு’வுக்குப் பின்னால் ‘இட்’ என்று போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது. அப்படியானால் அது ப்ரிபொசிஷன், அடுத்து வரும் வினைக்கு ‘இங்’ வேண்டும். ‘ஐ ஹோப் டு இட்’ நிற்காது. அப்படியானால் வினை வெறுமனே வரும், ‘ஹோப் டு ஹியர்’. இந்தச் சோதனை வேறு பல இடங்களிலும் கைகொடுக்கும். ‘ஐ ஆம் யூஸ்டு டு இட்’ நிற்பதால் ‘யூஸ்டு டு ட்ராவலிங்’, அதாவது பயணம் பழகிவிட்டது. ‘ஐ ஆப்ஜெக்ட் டு இட்’ நிற்பதால் ‘ஆப்ஜெக்ட் டு பேயிங்’. ‘கமிட்டட் டு’, ‘இன் அடிஷன் டு’, ‘வித் எ வ்யூ டு’ எல்லாம் இந்தக் குடும்பம். ‘ஐ யூஸ்டு டு ட்ராவல்’ மட்டும் வேறு: முன்பெல்லாம் பயணம் செய்வேன் என்று பொருள், அங்கே வினை அப்படியே வரும். வேலை விண்ணப்பத்தில் இந்த இரண்டும் மாறிப்போனால் அர்த்தமே தலைகீழாகும். ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்று எழுதினால் இரவு வேலை உங்களுக்குப் பழக்கம். ‘ஐ யூஸ்டு டு வொர்க் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்றால் முன்பு பார்த்தீர்கள், இப்போது இல்லை. இரவு ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கும் கம்பெனிக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

‘இங்’ வைக்கத் தயக்கமாக இருந்தால் ஒரு நேர்வழி உண்டு. வினையே வேண்டாம், பெயர்ச்சொல்லை வையுங்கள்: ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’. தவறு நுழைய இடமே இல்லை. ஆங்கிலத்தில் இன்னும் உறுதி வராதவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இந்த வரியைத்தான். ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ காதுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கலாம். அதற்காகத் தடுமாற வேண்டியதில்லை.

இன்னும் சில பிழைகள் இதோடு சேர்ந்தே வரும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’ என்பது மேலே சொன்ன ‘க்காக’வின் வேலை, ‘டு’தான் வேண்டும். ‘ஹியரிங் யூ’ என்றால் உங்கள் குரலைக் கேட்பது. தகவல் வருவதற்கு ‘ஹியரிங் ஃப்ரம் யூ’. ‘ஹியரிங் அபௌட் யூ’ என்றால் உங்களைப் பற்றி மூன்றாம் ஆள் சொல்லிக் கேட்பது. தனியார் கம்பெனி மேலாளரைப் பற்றி ஊரார் என்ன சொல்கிறார்கள் என்று ஆவலாக இருப்பதாக யாரும் எழுத விரும்பமாட்டார்கள்.

அப்புறம் ‘ஐ லுக்’கா, ‘ஐ ஆம் லுக்கிங்’கா? இலக்கணத்தில் இரண்டும் சரி. ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ விலகி நின்று மரியாதையாகப் பேசும். ‘ஐயாம் லுக்கிங் ஃபார்வர்ட்’ பக்கத்தில் உட்கார்ந்து பேசும். முன்பின் தெரியாத அதிகாரிக்கு முதல் வரி, தெரிந்த பேராசிரியருக்கோ நண்பருக்கோ இரண்டாவது. எழுவாய் இல்லாமல் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்று தொடங்குவது நாலு தடவை மின்னஞ்சல் போய் வந்த பிறகு சகஜம். முதல் கடிதத்தில் வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ‘லுக் ஃபார்வர்ட்’ என்பதில் வரப்போவதை நினைத்து மகிழ்வது இருக்கிறது. கடித முடிவில் அது ஒரு சம்பிரதாயமாகத் தேய்ந்துவிட்டதால், பதிலைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் யாரும் உறுத்தலாக உணர்வதில்லை. பதிலைத் தவிர வேறு எதையாவது அந்த இடத்தில் வைத்தால் மகிழ்ச்சி உயிர்பெற்று எழுந்துவிடும். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை என்று விடுப்புக் கேட்டு எழுதும் கடிதத்தில் அந்தச் சிகிச்சை நாளை ‘லுக் ஃபார்வர்ட்’ செய்யக் கூடாது. அபராதம், விசாரணை, இரங்கல் பற்றிய கடிதங்களிலும் வேண்டாம்.

‘ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ’

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தவறில்லாத வரி, அடக்கமான வரி. பதில் போட வேண்டிய கட்டாயம் எதிராளிக்கு இல்லை என்கிற இடத்தில் இதைவிட நல்லது கிடையாது. முன்பின் தெரியாத ஒரு பேராசிரியரிடம் ஆய்வுக்கு வழிகாட்டக் கேட்கிறீர்கள், ஒரு பெரியவரிடம் உதவி கேட்கிறீர்கள் என்றால் ‘ஹோப்’ மரியாதையாக இருக்கும். உங்களுக்கு உரிமையாக வரவேண்டிய ஒன்றைக் கேட்கும்போது இதை எழுதாதீர்கள். கிடைக்க வேண்டிய சான்றிதழை யாசகம் கேட்பதுபோல் ஆகிவிடும். ‘ஹோப் ஃபார் ஹியரிங்’ என்று எழுதுவது மேலே சொன்ன ‘இங்’ விதியைத் தேவையில்லாத இடத்தில் பொருத்துவதால் வருகிறது. ‘ஹோப் டு ஹியர்’ அல்லது ‘ஹோப் ஃபார் எ ரிப்ளை’, இரண்டில் ஒன்று.

எதுவும் எதிர்பார்க்காமல், வேண்டியதைக் கேட்பது

இதுவரை சொன்ன நான்கு வரிகளுக்கும் ஒரு குறை பொது. எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று எதிலும் இல்லை. அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் கடைசி வரி வேலை செய்ய வேண்டும். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் ஊர் மனுக்களில் அரைப் பக்கத்துக்கு வணக்கமும் பணிவும் இருக்கும், கேட்பது என்ன என்பது ஒற்றை வரியில் ஒளிந்திருக்கும்.

ஓர் உதாரணம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு வரவேண்டும். உங்கள் கிளைக் கால்வாயில் தண்ணீர் எட்டவில்லை என்று ஒரு விவசாயிகள் குழு நீர்ப்பாசனத் துறைக்கு எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம். இரண்டு மாநில அதிகாரிகளும் படிக்க வேண்டிய கடிதம் என்பதால் ஆங்கிலத்தில் ஒரு படி வைக்கவும் காரணம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ஃபேவரபிள் ரிப்ளை’ என்று முடித்தால் என்ன பலன்? பதில் ஒன்று வரலாம், தண்ணீரைப் பற்றி அதில் எதுவும் இல்லாமலும் போகலாம். எந்தக் கால்வாய், எந்தத் தேதிக்குள், யார் வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வாக்கியம், ‘ப்ளீஸ்’ என்று தொடங்கி எழுதுங்கள். அதற்குக் கீழே தொலைபேசி எண். அவ்வளவுதான், வேறு முடிவு வரி தேவையில்லை.

‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ இந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழ் மனுவின் ‘ஆவன செய்யுமாறு’ என்பதன் இணை அது. ஒரு காலத்தில் பிரிட்டனிலும் எழுதிய தொடர்தான், அங்கே வழக்கொழிந்துவிட்டது, இங்கே வாழ்கிறது. நம் அலுவலகங்களில் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் ‘ஆவன’ எவை என்று படிப்பவர் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறது என்பதால் எனக்கு இந்த வரியில் நம்பிக்கை இல்லை. செய்ய வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்பதே மேல்.

தேதிக்குப் பதிலாக ‘அட் தி எர்லியஸ்ட்’ என்று எழுதுவதும் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் அதற்கு ‘எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்’ என்று பொருள். வெளிநாட்டில் ‘மண்டே அட் தி எர்லியஸ்ட்’ என்றால் திங்கட்கிழமைக்கு முன்னால் ஆகாது என்று பொருள். வெளிநாட்டு அலுவலகத்துக்கு ‘அஸ் சூன் அஸ் பாசிபிள்’ என்று எழுதுங்கள், அல்லது தேதியையே எழுதிவிடுங்கள். ‘ரிவர்ட்’ என்பதைப் ‘பதில் போடு’ என்ற பொருளில் எழுதுவதும் அப்படித்தான். நமக்குள் புரியும். மற்ற இடங்களில் பழைய நிலைக்குத் திரும்புவது என்றே படிப்பார்கள். ‘ரிப்ளை’ எல்லா ஊரிலும் ரிப்ளைதான்.

யாருக்கு எது

வேலை விண்ணப்பம் என்றால் என் தேர்வு ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’. கஞ்சிக்கோட்டில் இருக்கும் கம்பெனியோ கோயம்புத்தூரில் இருக்கும் கம்பெனியோ, ஆள் எடுக்கிறவர் ஒரு நாளில் பல கடிதங்களைப் புரட்டுவார். அவருக்குப் பழகிய வரியாகவும் இருக்க வேண்டும், பிழையும் இருக்கக் கூடாது. நேர்காணலுக்கு வரத் தயாராக இருக்கிறீர்கள் என்று சொல்ல விரும்பினால், எந்த நாட்களில் வரமுடியும் என்பதை அதற்கு முந்தின வரியில் சொல்லுங்கள். ‘ஃபேவரபிள் ரிப்ளை’ வேண்டாம். நல்ல பதிலாகத்தான் போட வேண்டும் என்று அவரை நெருக்குவது போலிருக்கிறது.

நர்ஸிங் முடித்து வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த முடிவு மதிப்பெண்ணாகவே மாறும். கேரளத்தில் இது எவ்வளவு பேரைத் தொடும் விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸின் ஜெனரல் ட்ரெய்னிங் பிரிவில் எழுத்துப் பகுதியின் முதல் கேள்வி ஒரு கடிதம். குறைந்தது 150 சொற்கள், அதற்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். கேள்வியைப் பொறுத்து அது நண்பருக்கும் இருக்கலாம், வீட்டு உரிமையாளருக்கும் இருக்கலாம், கம்பெனி மேலாளருக்கும் இருக்கலாம். யாருக்கு எழுதுகிறோமோ அவருக்கேற்ற தொனியைக் கடைசி வரைக்கும் காப்பாற்றுகிறோமா என்று பார்ப்பார்கள். நண்பருக்கு எழுதும்போது ‘ஐ அவெய்ட் யுவர் ரிப்ளை’ என்று முடித்தால் தொனி கெட்டது. ‘ஐயாம் ரியலி லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ’ அங்கே பொருத்தம். பெயர் தெரியாத மேலாளருக்கு ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கியிருந்தால், ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்று முடித்து, கீழே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. பெயரோடு விளித்திருந்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’.

ஓ.இ.டி. வேறு மாதிரி. அது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. நர்ஸ்கள் அதில் சுமார் 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். பெரும்பாலும் ஒரு நோயாளியை இன்னொருவர் கவனிப்புக்கு ஒப்படைக்கும் கடிதமாக இருக்கும். நோய்க்குறிப்பைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். அங்கே உங்கள் ஆவலுக்கு இடமில்லை. நோயாளிக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு, கூடுதல் விவரம் வேண்டுமானால் தொடர்பு கொள்ளச் சொல்லி முடிப்பதே சரி. மனப்பாடம் செய்த ‘லுக் ஃபார்வர்ட்’ வரியை அங்கேயும் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். சொல் எண்ணிக்கையில் இடம் போகிறது, படிக்கிற மருத்துவருக்கு ஒரு பயனும் இல்லை.

வங்கிப் புகாருக்குத் தேதியோடு கூடிய நேரடிக் கோரிக்கை. முதல் கடிதத்தில் அதன் கீழே ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ இருந்தால் பரவாயில்லை. இரண்டாவது கடிதத்தில் ‘ஐ அவெய்ட் யுவர் ரிப்ளை’ என்று இறுக்கலாம். பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீடு, சான்றிதழ் என்று கேட்கும்போது பதிவெண்ணும் பருவமும் முதல் பத்தியில் இருப்பதுதான் காரியம் நடத்தும். முடிவு வரிக்கு ஒரு ‘தேங்க் யூ’ போதும்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா, ‘டு ஹியர்’ என்று எழுதினாலும் புரியத்தானே செய்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. புரியும், உண்மைதான். இந்தியாவில் பலரும் அப்படி எழுதுகிறார்கள் என்பதும் உண்மை. நம் ஊருக்குள் சுற்றும் கடிதத்தில் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவரைக் குறைத்து மதிப்பிடுவது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்து, கல்லூரியில் மலையாளம் பேசும் பிள்ளைகளோடு போட்டி போட்டு, மூன்றாவது மொழியில் விண்ணப்பம் எழுதும் ஒரு பிள்ளைக்கு, கடிதம் முழுக்க நன்றாக இருந்து கடைசி வரியில் ஒரு ‘இங்’ விட்டுப்போவதால் எதுவும் குறைந்துபோகக் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) தட்டச்சு செய்ய வைப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே கணினியில் ஏற்கெனவே ஒரு மாதிரிக் கடிதம் இருக்கலாம், பெயரையும் முகவரியையும் மாற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கூட்டம் நிற்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது. அச்செடுக்கும் முன்பு திரையில் கடைசி இரண்டு வரியைக் காட்டச் சொல்லுங்கள். ‘அவெய்ட்டிங் ஃபார்’ இருந்தால் ‘ஃபாரை’ எடுக்கச் சொல்லுங்கள். ‘எக்ஸ்பெக்டிங்’ இருந்தால் அந்த வரியையே எடுக்கச் சொல்லுங்கள். ‘டு ஹியர்’ இருந்தால் முன்னால் ‘ஹோப்’ இருக்கிறதா, ‘லுக் ஃபார்வர்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹோப்’ என்றால் விட்டுவிடலாம், ‘லுக் ஃபார்வர்ட்’ என்றால் ‘ஹியரிங்’ ஆக்க வேண்டும். பிறகு அச்செடுத்துக் கையெழுத்துப் போடலாம்.